மாஸ்க் போச்சு, க்ரீம் போகலை!

எங்கள் கோலியனூரில் பேங்க் பாஸ்புக்கைக்கூட மறைத்து வைத்துவிடலாம். மூஞ்சியை மறைக்க முடியாது. கன்னத்தில் கடுகு சைஸில் ஒரு பரு வந்தால் போதும், கூட்ரோட்டில் பாண்டி பஸ் ஏறுவதற்குள் ஏழு பேர் நிறுத்தி விசாரித்துவிடுவார்கள்.

"இன்னா கண்ணு, மூஞ்சி இப்படி ஆயிருக்கு?" இது பூக்கார அம்மா.

"ஒடம்பு சூடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி." டீக்கடை பெஞ்ச்.

"திருஷ்டிதான். புத்துவாயம்மனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுட்டு வா." கூடையோடு போகிற பெரியம்மா.

"ராத்திரியெல்லாம் போன்ல பேசிக்கினு இருந்தா இப்படித்தான்." இது கண்டக்டர்! டிக்கெட் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு.

அப்படிப்பட்ட ஊரில், 2020-ல் அரசாங்கமே உத்தரவு போட்டு எல்லோர் மூஞ்சியையும் மூடச் சொன்னபோது, பருக்காரர்கள் எல்லாம் மனசுக்குள் சரவெடி வைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். முகத்தில் பாதி மறைந்தது. விசாரணைக் கமிஷன்களும் கலைந்தன. ஆனால், மறைக்க வந்த மாஸ்க்கே மாமியார் வீட்டுச் சீர் மாதிரி பருவைக் கையோடு கொண்டுவரும் என்று யார் கண்டது?

அந்த நாட்களை இப்போது நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. (அப்போது வரவில்லை. 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களால் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் நோய் எண்ணிக்கை ஏறியபோது, வாசலில் வந்து நின்ற உறவுக்காரரைப் பார்த்துக் கதவைச் சாத்திய ஊர் இது.) கடையில் மாஸ்க் கிடைக்கவில்லை. டெய்லர் ப்ளவுஸ் பிட்டில் தைத்தார். புடவைக்கு மேட்ச்சாக மாஸ்க் கேட்ட பெண்கள் உண்டு. வேட்டிக் கரையோடு மாஸ்க் போட்ட கட்சிக்காரர்கள் உண்டு. 2020 ஜூலையில் ரேஷன் கடை வழியாக ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. செப்டம்பரில் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம். 2022 ஜனவரியில் அது 500 ஆனது. போலீஸைப் பார்த்தால் மூக்குக்கு, பார்க்காவிட்டால் தாடைக்கு, டீ குடிக்கும்போது முழங்கைக்கு என்று நம்ம ஜனங்கள் ஒரே மாஸ்க்கை உடம்பு பூராவும் சுற்றுலா அழைத்துப் போனார்கள்.

அந்த மாஸ்க்கைத் துவைத்த அழகு இருக்கிறதே... எங்கள் தெருவில் ஒரு வாத்தியார், வேட்டி சட்டையோடு மாஸ்க்குக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து மாட்டிக்கொண்டு போவார். நிறுத்தி வைத்தால் தானாக நிற்கும்! இன்னொரு அண்ணன் துவைக்கவே மாட்டார். சட்டைப் பையில் பஸ் டிக்கெட், வெற்றிலைப் பொட்டலம், பீடிக்கட்டு இவற்றோடு குடித்தனம் நடத்திய மாஸ்க் அது. இன்னும் சிலர் வீட்டில் சோப்புத்தூளை அள்ளிப் போட்டுத் துவைத்துவிட்டு, தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரே ஒரு முறை அலசிக் காயப்போடுவார்கள். அந்த சோப்பு எங்கே போகும்? நாள் முழுக்க வேர்வையில் கரைந்து மூஞ்சியிலேயே இறங்கும். எரியாமல் என்ன செய்யும்?

இதெல்லாம் நம்மைப் போல மார்க்கெட் போகும்போது அரைமணி மாட்டியவர்கள் பாடு. நாள் பூரா மாட்டியவர்கள் கதை வேறு.

என் சித்தி பெண் நர்ஸ். வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. 2020 ஜூனில் அவளைக் கொரோனா வார்டில் போட்டார்கள். என்-95 மாஸ்க், அதற்கு மேலே ஒரு சர்ஜிகல் மாஸ்க், கண்ணாடி, அதற்கும் மேலே பிளாஸ்டிக் ஷீல்டு, தலையிலிருந்து கால்வரை கவச உடுப்பு. ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, மூக்கைச் சொறிய முடியாது. ("மத்ததெல்லாம் பரவால்லண்ணே. மூக்கு அரிக்கும் பாரு... அதுதான் நரகம்" என்பாள்.) டூட்டி முடிந்து மாஸ்க்கைக் கழற்றினால் மூக்குத் தண்டில் கன்றிப்போன ஒரு கோடு, இரண்டு கன்னத்திலும் வளையம். தூங்கி எழுந்தால் மறையும் என்று பார்த்தாள். மறையவில்லை. மூக்கு மேலே தோல் உரிந்தது. இரண்டு மாசத்தில் தாடை, வாயைச் சுற்றி, கன்னம் என்று கொத்துக் கொத்தாகப் பரு. மாஸ்க் தொட்ட இடத்தில் மட்டும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

அவள் ஒருத்தி கதை என்று நினைக்காதீர்கள். சீனாவில் அந்த வருஷத் தொடக்கத்தில் கொரோனா வார்டுகளில் வேலை பார்த்த டாக்டர், நர்ஸ்கள் 542 பேரைக் கேட்டபோது அவர்களில் 97 சதவீதம் பேருக்குக் கவச உடுப்பு, மாஸ்க், கண்ணாடி, கையுறை இவற்றால் தோலில் ஏதாவது ஒரு பாதிப்பு இருந்தது. அதிகம் அடிவாங்கிய இடம் மூக்குத் தண்டு. அதற்கும் முன்னால் 2003-ல் சார்ஸ் காய்ச்சல் வந்தபோது சிங்கப்பூரில் இதே கூத்து. அங்கே மாஸ்க்கைத் தொடர்ந்து போட்ட ஆஸ்பத்திரி ஊழியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் முகத்தில் தொந்தரவு சொன்னார்கள். அந்தப் பட்டியலிலும் முதலிடம் பருவுக்கு, அடுத்தது அரிப்புக்கு, மூன்றாவது தடிப்புக்கு.

அதற்காக மாஸ்க்கைத் திட்டிவிடாதீர்கள். பினாங்கில் பிறந்த வூ லியென்-தே என்ற டாக்டர் 1910-ல் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது, மெல்லிய துணிக்கு நடுவில் பஞ்சு வைத்து மாஸ்க் கட்டச் சொன்னார். "இது எலிப் பூச்சியால் வருவது, காற்றில் வராது. நீ யார் எனக்குச் சொல்ல?" என்கிற தோரணையில் அதை மறுத்த மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர், மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அதே பிளேக்கில் போய்ச் சேர்ந்தார். உயிரா, பருவா என்று கேட்டால் பருவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, ஏன் வருகிறது? நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். முகத்துத் தோலுக்கு ஒரு நடப்புக் கணக்கு இருக்கிறது. உள்ளேயிருந்து எண்ணெய் வரவு, வெளியே காற்றிலும் கழுவுவதிலும் செலவு. மாஸ்க் போட்டால் செலவுப் பக்கம் அடைப்பு. நாம் விடுகிற மூச்சு உள்ளேயே சுற்றி இட்லிப் பானை மாதிரி ஆவி கட்டுகிறது. தோலின் சூடு ஒரு டிகிரி ஏறினால் எண்ணெய்ச் சுரப்பு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும் என்று கண்டிருக்கிறார்கள். ஈரத்தில் ஊறின தோல் உப்பி, மயிர்க்கால் துவாரத்தின் வாய் அடைபடுகிறது. அடைபட்ட இடத்தில் எப்போதும் குடியிருக்கும் கிருமிகளுக்கு எண்ணெய்ச் சாப்பாடு, வெதுவெது சூடு, வாடகையும் கிடையாது. பெருகாமல் என்ன செய்யும்? இது போதாதென்று பேசும்போதெல்லாம் துணி மேலும் கீழும் உரசுகிறது.

இந்த உரசல் சமாசாரம் கொரோனாவுக்கு ரொம்ப முந்தியது. 1975-லேயே அமெரிக்காவில் இரண்டு தோல் டாக்டர்கள் கால்பந்து ஆடுகிற பையன்களின் ஹெல்மெட் வார் பட்ட தாடையில் பரு வருவதைப் பார்த்து 'ஆக்னே மெக்கானிகா' என்று பெயர் வைத்தார்கள். வயலின் வாசிக்கிறவர்களுக்குக் கழுத்தில் வாத்தியம் பதிகிற இடத்தில் வரும். 2020-ல் மாஸ்க்கையும் ஆக்னேயையும் ஒட்டி 'மாஸ்க்னே' என்று ஒரு புதுப் பெயர் வைத்து உலகம் பூராவும் புழங்கவிட்டார்கள். நாமகரணம் செய்வதில் வெள்ளைக்காரனை மிஞ்ச முடியாது.

எல்லாமே பரு என்றும் நினைத்துவிடக் கூடாது. காதுப் பட்டையின் ரப்பர் சிலருக்கு ஒவ்வாது. மூக்கு மேல் வளைக்கிற கம்பி சிலருக்கு ஒவ்வாது. சில மாஸ்க்குகளில் இருந்த ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தால் அலர்ஜி வந்ததும் பதிவாகியிருக்கிறது. தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு மூக்கோரம் செதில் செதிலாகும். தாடி வைத்த ஆண்களுக்கு மயிர்க்கால் பழுக்கும். இத்தனைக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆனால் நம்ம ஊரில் இத்தனைக்கும் ஒரே டாக்டர்: பக்கத்து வீடு.

எங்கள் ஆயாவின் கணக்கில் பருவுக்கு மருந்து காலையில் பல் விளக்காத எச்சில். "எங்க காலத்துல இதான். ஒரு பைசா செலவு கிடையாது" என்று அவள் கையை நீட்டிக்கொண்டு வரும்போது சித்தி பெண் கொல்லைப்பக்கம் ஓடுவாள். சித்தி எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தாள். உரிந்த தோலில் புளிப்பு! அன்றைக்கு அவள் போட்ட சத்தம் வளவனூர் வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்து டூத் பேஸ்ட். அடுத்து வேப்பிலை, கஸ்தூரி மஞ்சள். மஞ்சளாவது அம்மன் வீட்டுச் சரக்கு, முகம் தெய்வீகமாகத் தெரியும். இதற்கும் மேலே அவளே செய்தது ஒன்று: வேர்வை பிசுபிசுக்கிறதென்று பவுடரை அப்பி அதன் மேல் மாஸ்க் போட்டது. பவுடரும் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும்? சுவருக்குப் பட்டி பார்க்கிற பதம் வரும்.

இதெல்லாம் எரிச்சலோடு போயிருக்கும். போகாதது ஒன்று வந்தது.

2020 அக்டோபர். பெண் பார்க்க வருவதாக ஒரு வரன் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்திக்கு ராத்தூக்கம் போயிற்று. நேராக ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். (எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்காதீர்கள்.) "பொண்ணு மூஞ்சில பரு, கறுப்பா வேற ஆயிடுச்சு, சீக்கிரம் போகணும்" என்றாள். கடைப்பையன் ஒரு விநாடி யோசிக்கவில்லை. ஒரு சின்ன ட்யூபை எடுத்து வைத்தான். "ராத்திரி போட்டுப் படுக்கச் சொல்லுங்க. எட்டே நாள்."

சொன்னபடியே எட்டே நாள்! பரு அமுங்கியது. சிவப்பு போனது. முகம் இரண்டு ஷேடு வெளுத்து பல்பு போட்ட மாதிரி ஆனது. ஊரே வாயைப் பிளந்தது. பூக்கார அம்மா பேர் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அந்த வரன் வேறு காரணத்தால் தட்டிப்போனது. க்ரீம் தட்டிப்போகவில்லை. மாஸ்க் போட்டால் பரு, பரு வந்தால் க்ரீம், க்ரீமை இரண்டு நாள் நிறுத்தினால் முன்னைவிடப் பரு, மறுபடியும் க்ரீம். சம்பளம் போடுகிற அன்றைக்கு ட்யூப் வாங்குவது பால் கார்டு மாதிரி ஆயிற்று. மாசத்துக்கு இரண்டு. நான் சும்மா இருக்காமல் கணக்குப் போட்டேன். 2020 அக்டோபரிலிருந்து மூன்றரை வருஷத்துக்கு 84 ட்யூப்.

இதற்குள் வார்டு மூடியது, மாஸ்க்கும் தாடைக்கு இறங்கி, பைக்குள் போய், காணாமலும் போனது. கொரோனா உலக நெருக்கடி நிலை முடிந்தது என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. சித்தி பெண் முகத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் தக்காளிச் சிவப்பு. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய் தெரிந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிட்டது. தாடையில் பூனை மயிர். இத்தனைக்கும் நடுவில் பருவும் குறையாமல் இருந்தது. எதைப் போக்கப் போட்டார்களோ அதுவும் இருந்தது, போட்டதால் வந்ததும் இருந்தது.

2024-ல் ஒரு நாள் முகம் பூராவும் தீப்பட்ட மாதிரி எரிய, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோல் பிரிவில் இருந்த அம்மா முகத்தைப் பார்த்ததுமே, "எவ்ளோ நாளா போடறீங்க?" என்றார். "என்ன போடறீங்க" என்று கேட்கவில்லை, கவனியுங்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். ட்யூபை வாங்கிப் பார்த்தார். மூன்று மருந்து சேர்ந்த க்ரீம்: வெளுக்க வைக்க ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்க ட்ரெட்டினாயின், சிவப்பை அடக்க மொமெட்டசோன். கடைசியில் சொன்னது ஸ்டீராய்டு. மங்கு மாதிரி சிலதுக்கு டாக்டர் பார்த்து, சில வாரத்துக்கு மட்டும் கொடுப்பது. பருவுக்கு அது மருந்தே கிடையாது. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்குகிறது, அவ்வளவுதான். உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது மீட்டர் வட்டி! கையில் பணம் வந்த எட்டு நாள் ராஜா. அப்புறம் வட்டி கட்டவே இன்னொரு கடன். கட்டாமல் நிறுத்தினால் வீட்டு வாசலில் வந்து சட்டையைப் பிடிப்பான்.

இந்தக் கடன்காரர்கள் நாடு பூராவும் இருக்கிறார்கள். 2011-ல் வெளியான ஒரு ஆய்வில், இந்தியாவின் பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு முகத் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரைக் கேட்டதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல், டாக்டர் அல்லாதவர் சொல்லிப் போட்டவர்கள். 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று இதற்கு இந்தியத் தோல் டாக்டர்கள் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு போட்டு இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்கள் சித்தி கடைக்குப் போனாள். சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. 'மஞ்சப்பை கொண்டாந்தீங்களா' என்று மட்டும் கேட்டார்களாம்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: ஒரேயடியாகத் தானாக நிறுத்தாதே, நான் சொல்கிறபடி படிப்படியாக இறங்கு. நிறுத்தியதும் கொஞ்ச நாள் முன்னைவிட மோசமாகும், பயந்து மறுபடி ஓடாதே. வெயிலில் போகுமுன் சன்ஸ்கிரீன், வாசனை இல்லாத மாய்ச்சரைசர், மென்மையான சோப்பு. இத்தனைதான். எத்தனை நாள் என்று சித்தி கேட்டாள். மாசக்கணக்கில் ஆகும் என்றார். எட்டு நாள் க்ரீம் பார்த்த சித்திக்கு அந்த டாக்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது.

நானும் விடாமல், "இன்னமும் மாஸ்க் போடறவங்க என்ன பண்றது மேடம்?" என்றேன். ஏனென்றால் கொரோனா போனாலும் ஆபரேஷன் தியேட்டரில், தூசி பறக்கிற வேலையில், டி.பி. வார்டில் மாஸ்க் போகவில்லை. எங்கள் பாண்டி ரோட்டுப் புழுதிக்குப் பயந்து ஸ்கூட்டரில் போகிற பெண்கள் துப்பட்டாவால் கொள்ளைக்காரி மாதிரி கட்டிக்கொள்வதும் மாஸ்க்தானே? அவர் சொன்னதில் எனக்கு ஞாபகமிருப்பது: துணியானால் தினம் துவைத்து, சோப்பு போக இரண்டு மூன்று தரம் அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரமானால் மாற்றிவிட வேண்டும். மாட்டுவதற்கு அரைமணி முன்னால் லேசாக மாய்ச்சரைசர். உள்ளே பவுடர், மேக்கப் ஆகாது. ஆபத்தில்லாத இடத்தில் இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்ச நேரம் கழற்றி முகத்துக்குக் காற்றுக் காட்டலாம். மூக்கில் பதிகிற இடத்துக்கு மெல்லிய ஜெல் பட்டை ஒட்டலாம், ஆனால் மாஸ்க்குக்கும் முகத்துக்கும் இடைவெளி விழாமல் பார்க்க வேண்டும். கிள்ளக் கூடாது. "முக்கியமா அக்கம்பக்கத்துல கேக்கக் கூடாது" என்றார், சித்தியைப் பார்த்து.

முதல் ஆறு வாரம் பட்டபாடு எழுத்தில் வராது. முகம் வீங்கி, சீழ் கோத்து, கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்தாள். ஒரு நாள் ராத்திரி போன் செய்து, "அண்ணே, இன்னிக்கு ஒரே ஒரு தடவை போட்டுக்கறேன்" என்று அழுதாள். குடியை விட்டவன் கடை வாசலில் நிற்கிற குரல் அது. பேசிக்கொண்டே இருந்தேன், அவள் தூங்கிப்போகிறவரை. (கண்டக்டர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?) நாலாவது மாசம் எரிச்சல் அடங்கியது. எட்டாவது மாசம் பரு அபூர்வமானது. சிவப்பு நூல் ரேகை மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது முழுசாகப் போகுமா என்பதற்கு டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. மூக்குத் தண்டில் என்-95 போட்ட தழும்பு, உற்றுப் பார்த்தால் தெரியும். "அது இருக்கட்டும்ணே. அது நான் வேலை பாத்ததுக்கு" என்கிறாள்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில், பூவுக்கும் இஞ்சிக்கும் நடுவில் அந்த ட்யூப்! எண்பத்தி நாலோ, எண்பத்தி அஞ்சோ. பதறிப்போய், "சித்தி, இதை யார் போடறாங்க?" என்றேன்.

சித்தி புடவையை லேசாகத் தூக்கிக் காலைக் காட்டினாள்.

"குதிகால் வெடிப்புக்கு நான் போட்டுக்கறேன்டா. அந்தம்மா மூஞ்சில போடக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? கால்ல போடக் கூடாதுன்னு சொல்லலியே?"